அத்தையின் பாதிச் சவுக்காரம்

பாதிக் கட்டிச் சவுக்காரம் ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. ஒரு பக்கம் குழிந்திருக்கும். மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகுமுன் அத்தை தன் கெண்டைக்காலில் தேய்த்துத் தேய்த்து விழுந்த குழி அது. சவுக்காரம் பூசிய காலில் அட்டை ஏறாது. எனக்கு மட்டும் எதைப் பூசினாலும் ஏறும். தோட்டத்து அட்டைகள் என்னை விருந்துச் சாப்பாடாகவே நினைத்திருந்தன. அதனால்தான் மலையேறத் தேவையில்லாத வேலையாகப் பார்த்து நான் ஆபீஸ் கிளாக்கர் ஆனேன் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பொய்யென்று சொல்ல முடியவில்லை.

வட்டகொடைப் பக்கம் எங்கள் தோட்டம். நீர்மின் சுரங்கத்துக்காக மலையைக் குடைந்தபோது வெளிவந்த சேற்றையும் கல்லையும், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு மேலேயுள்ள பள்ளத்தில் கொட்டி, முன்னால் ஒரு மண் அணையும் கட்டிவிட்டுப் போனார்கள். அதைப் பரிசோதிக்க வருஷத்துக்கொரு தடவை யாழ்ப்பாணத்து இஞ்சினியர் ஐயா ஒருவர் வருவார். நல்ல மனிதர். ஆனால் அட்டைப் பயத்தில் எனக்கு அண்ணன். ஆகவே பரிசோதனை எப்போதும் மாசியில்தான். மாசியில் அட்டையும் இருக்காது, கசிவும் இருக்காது. அணை கல்யாண மாப்பிள்ளை போல நிற்கும். "திறமாய்க் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் வெயிலுக்குக் குடை பிடிப்பேன். என் பதவியின் உச்சம் அதுதான்.

ஓர் ஆனி மாத மழையில் அவர் வேறு வேலையாக ஆபீசுக்கு வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குத் துணி சொட்டச் சொட்ட அத்தை வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, கட்டுக்கு அடியில தண்ணி கலங்கி வருது. உள்ள மண்ணு கரையுதுங்க. இப்ப வந்து பாருங்க."

"மழை விடட்டும் அக்கா. மாசியிலை வந்து வடிவாப் பாப்பம். இப்ப உந்த அட்டைக்குள்ளாலை ஏறேலாது."

"எங்க கால்ல தெனம் ஏறுது. ஒங்க கால்ல ஒரு நாளைக்கு ஏறுனா வத்திப் போயிருவீங்களா? இந்தாங்க சவுக்காரம். நானே பூசிவிடுறேன்."

எல்லோரும் சிரித்தோம். ஐயாவும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. சவுக்காரத்தை என் கையில் வைத்து, "வச்சிருடா. என்னைக்காச்சும் கேப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கேட்கவில்லை. ஆடியில் ஒரு பகல் அணை உடைந்தது. கொழுந்து நிறுக்கும் நேரம், லயத்தில் ஆட்கள் குறைவு. காய்ச்சலில் படுத்திருந்த அத்தையின் மேல் கூரையோடு சேறு இறங்கியது. அன்று அந்த மழையிலேயே ஐயா வந்தார். முழங்கால் வரை சேற்றில் நின்றார். கால் நிறைய அட்டை. ஒன்றைக்கூட அவர் தட்டிவிடவில்லை.

இப்போது அணையை இன்னும் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். கீழே அதே லயம். கூரைத் தகரம்தான் புதிது. போன வாரம் அடைமழையில் இந்தச் சவுக்காரத்தைப் பூசிக்கொண்டு நானே ஏறினேன். வழக்கம்போல என் கால் அட்டைகள் அதை மதிக்கவில்லை. அணையின் அடியில் தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது. புது அதிகாரிக்குப் போன் எடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினார். மழை விட்டதும், மாசியில் வருவாராம்.

லயத்துக்கு இறங்கி, வேறெங்காவது போய்விடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கங்க போறது, கிளாக்கரய்யா?"

நான் அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

மழை விடவில்லை. மேசைமேல் சவுக்காரம் இன்னும் ஈரமாகவே இருக்கிறது.