கீழே இறங்கும்வரை கொழுந்தன்

“...சைக்கிள் மேல இருக்குற மட்டுக்கும்தான் அவுக எனக்குக் கொழுந்தன். கீழ எறங்கிட்டா அவுக யாரோ, நான் யாரோ. போதுமாடி?”

எண்பதுகளின் கடைசியில், ஒரு பங்குனி மாதத்து மத்தியானம், எம்.ரெட்டியபட்டிப் பொட்டலில் நின்று ஒரு அம்மா இப்படிச் சொன்னார். சொன்னது தன் கூட்டாளியிடம். கேட்டுக்கொண்டிருந்தது நான். அந்தக் கொழுந்தனார் அவருக்குச் சொந்தமும் இல்லை, சொந்த ஊரும் இல்லை. எந்த ஊர்க்காரர் என்றுகூட அந்த அம்மாவுக்குத் தெரியாது.

அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல், கிறிஸ்துமஸ் என்று யார் கூப்பிட்டாலும் ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கருமாகப் போய் இறங்குவேன். படிப்பு எனக்குக் கொஞ்சம்தான். மைக்கைப் பிடித்தால் வாய் மட்டும் ஓயாது. அந்த முறை என்னைக் கூப்பிட்டவர் சைக்கிள் ஓட்டுகிறவர்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்புவதில்லை. ஊர்ப் பொட்டலில் வட்டமாகக் கயிறு கட்டிவிட்டு, மூன்று நாள் தரையில் கால் ஊன்றாமல் அதற்குள்ளேயே சைக்கிளில் சுற்றுவார்கள். சாப்பாடு, குளியல், முகச்சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயேதான். மற்ற காரியத்தை எப்படிச் சமாளிப்பார்கள் என்று கேட்காத ஆள் கிடையாது. பதில் சொன்ன ஆளும் கிடையாது.

ஏறுவதற்கு முன்னால் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முப்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், கெண்டைக்கால் மட்டும் உருட்டுக்கட்டை மாதிரி இருந்தது.

“அண்ணே, போன ஊர்ல கடைசி நாள் கண்ணு சொருகிக் கால ஊனிட்டேன். ஊரே கூ போட்டுச்சு. இங்கயும் ஊனிட்டேன்னா சைக்கிள வித்துட்டு வேற பொழப்புப் பாக்க வேண்டியதுதான். பாட்டு நிக்காமப் பாத்துக்கோங்க. காலு நிக்காம நான் பாத்துக்கிடுறேன்.”

சைக்கிளுக்கும் பாட்டுக்கும் இருக்கிற ஒட்டுதலை அந்த மூன்று நாளில்தான் கற்றேன். துள்ளல் பாட்டுப் போட்டால் அவர் மிதி துள்ளும். தெரியாமல் ஒரு சோகப் பாட்டு ஓடிவிட்டால் சக்கரம் சுணங்கிப்போகும். ராத்திரியில் பிரச்சினையே இல்லை. டியூப்லைட் வெளிச்சம், கூட்டம், விசில் என்று ஊரே முழித்திருக்கும். மத்தியானம்தான் எமன். ஊர் முழுக்கப் பருத்திக் காட்டுக்குப் போய்விடும். வெயிலில் கேசட் இளகி, பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினதுபோலக் குரல் இழுக்கும். பொட்டலில் அவரும் நானும் மட்டும் இருப்போம்.

அந்த அம்மாவை முதல் நாளே கவனித்தேன். நாற்பது வயதுக்குள் இருக்கும். பருத்தி எடுக்கப் போகிற கூட்டத்தில் முன்னால் நடப்பவர், ஊரில் பெயர் வாங்கிய வாய்க்காரி. கயிற்றோரம் நின்று ஒரு பார்வை பார்த்தார்.

“மூணு நாளு என்னத்துக்கு? ஒரு கருவேல முள்ள எடுத்துப் போட்டா முக்கா நாழியில எறங்கிருவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். சைக்கிள்காரருக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் கோபம்தான்.

மூன்றாம் நாள், கடைசி நாள். சாயங்காலம் இறங்க வேண்டும். உச்சி சாய்ந்த நேரத்தில் கரண்டு போய்விட்டது. கரண்டு போனால் உதவுமென்று வைத்திருந்த பாட்டரி முந்தின ராத்திரியே இறங்கிப்போனதால் சார்ஜ் போட பஸ்ஸில் டவுனுக்கு அனுப்பியிருந்தோம். குழாய் ஊமையானதும் பொட்டலே செத்ததுபோல ஆயிற்று. செயின் கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. நாலைந்து சுற்றுக்குள் அவர் தலை தொங்கிவிட்டது. ஹேண்டில்பார் ஆடியது. சைக்கிள் கயிற்றுக் கம்பை நோக்கிப் போயிற்று.

பிடிக்கலாம் என்றால் முடியாது. யாராவது தொட்டால் ஓட்டினதெல்லாம் செல்லாது. ஓடினேன். பக்கத்திலேயே ஓடிக்கொண்டு கத்தினேன். தெரிந்த பழமொழியெல்லாம் சொன்னேன், தெரிந்த பாட்டெல்லாம் பாடினேன். மூன்று நாள் மைக்கில் கத்திய தொண்டை, காற்றுத்தான் வந்தது. அவர் கண்ணைத் திறப்பார், ஹேண்டிலை ஒடிப்பார், மறுபடியும் மூடுவார்.

அந்த நேரம் பார்த்துப் பருத்திக்காரப் பெண்கள் மடி நிறையப் பருத்தியோடு திரும்பி வந்தார்கள். வாய்க்காரி நின்றார். என்னைப் பார்த்தார், சைக்கிள்காரரைப் பார்த்தார். என்ன நடக்கிறதென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஏ கொழுந்தனாரே!” என்று ஒரு சத்தம் கொடுத்தார். என் குழாய்கூட அப்படிக் கத்தியதில்லை. “வீட்டுல பொண்டாட்டி வெரட்டி விட்டுட்டாளா? எறங்க எடமில்லாமச் சுத்திக்கிட்டே இருக்கீக?”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் தலை நிமிர்ந்தது.

“இன்னும் கல்யாணமே ஆகல... மதினி.”

“அதான பாத்தேன்! கால கீழயே வைக்காத ஆளுக்கு எவ பொண்ணு குடுப்பா? தாலி கட்டவும் சைக்கிள்லதான் வருவீகளா?”

எங்கள் பக்கத்தில் கேலிக்கும் முறை உண்டு. முறை இல்லாத ஆம்பிளையிடம் ஒரு பெண் வாயாடினால் வம்பு. மதினி கொழுந்தனைக் கேலி செய்தால் யாரும் வாய் திறக்க முடியாது. கோயில் பொங்கல் முடிந்த மறுநாள் மஞ்சத்தண்ணி ஊற்றும்போதும் அப்படித்தான். கொழுந்தனை விரட்டிப் பிடித்து ஊற்றலாம், அடுத்தவன் மேல் ஒரு சொட்டுப் படக் கூடாது. அந்த அம்மா ஒரே சத்தத்தில் ஒரு முறையை உண்டாக்கி, கேலி செய்கிற உரிமையையும் எடுத்துக்கொண்டுவிட்டார்.

அப்போதுதான் கூட வந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள். “ஏக்கா, யாரு எவருன்னு தெரியாம கொழுந்தன்ங்கிற. வீட்டுல மாமா காதுல விழுந்தா என்ன நெனைக்கும்?” அதற்கு வந்த பதில்தான் நான் முதலில் எழுதியது.

அப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். விடுகதை போட்டார்கள்.

“காயில பச்ச, வெடிச்சா வெள்ள, ஊரு மானத்தையே காப்பாத்தும். அது என்ன?”

“தேங்காயா?” என்றார் அவர்.

“நாசமாப் போச்சு! மடியில வச்சுக்கிட்டுக் கேக்குறோம், தெரியலயே இவுகளுக்கு!”

அவரும் சிரித்தார். சிரிக்கிறவனுக்குத் தூக்கம் வருமா? வாய்க்காரி கயிற்றுக்குள்ளேயே வந்துவிட்டார். சக்கரத்துக்கு முன்னால் குனிந்து குனிந்து நடந்தார். எதற்கென்று உற்றுப் பார்த்தேன். தடத்தில் கிடந்த முள்ளையும் கல்லையும் பொறுக்கிக்கொண்டே ஏசிக்கொண்டிருந்தார். முதல் நாள் வந்த கோபம் எனக்கு அந்த இடத்தில் போயிற்று.

இப்போது தூத்துக்குடி ரோட்டில் காலையில் போனால், தலையில் தொப்பியும் காதில் பாட்டுமாகப் பிள்ளைகள் சைக்கிள் மிதிக்கிறார்கள். எத்தனை தூரம், நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று கைக்கடிகாரமே சொல்கிறதாம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. பேச்சுத்துணை பாதி வழி என்பார்கள். அந்த மீதிப் பாதியை மிதிக்கக் காதுக்குள் ஒரு பாட்டு இருந்தால் நல்லதுதான். ஆனால் கரண்டு போனாலும் நிற்காத பாட்டு ஒன்று உண்டு என்பதை நான் கண்ணால் பார்த்தவன். அதனால் யாராவது துவண்டு நிற்பதைப் பார்த்தால், முறை இருக்கிறதோ இல்லையோ, அண்ணன் என்றோ மதினி என்றோ ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டுகிறேன்.

அன்று வெயில் தாழக் கரண்டு வந்தது. ஊரும் வந்தது. தலையாரி விசில் ஊதினார். சைக்கிள்காரர் வண்டியை நிறுத்தி, முதலில் வலது காலைத் தரையில் வைத்தார். கால் தாங்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கூட்டத்தைத் தேடினார். வாய்க்காரி கயிற்றோரம் நின்றிருந்தார். முந்தானைக்குள் கையை மறைத்திருந்தார்.

மத்தியானம் கையைப் பிடித்து இழுத்தவள் சும்மா இருக்கவில்லை. “எக்கா, எறங்கிட்டாக. இனிமே அவுக யாரோ, நீ யாரோதான?”

அந்த அம்மா முந்தானையை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் போனார். கையிலிருந்த செம்பைத் தூக்கி, நிறைந்திருந்த மஞ்சத்தண்ணி மொத்தத்தையும் ஊர் பார்க்க அவர் தலையில் கவிழ்த்தார்.