கணவன் முகத்தில் தெரிந்த எண்

நகரப் பேருந்து ஓட்டும் அவளுக்குச் சும்மா உட்கார்ந்தால் கால் ஆடும். பணிமனை ஓய்வறையில் பொழுதுபோக்காகப் பழகிய சதுரங்கம், அவளை அரசு ஊழியர் போட்டியின் கடைசிச் சுற்றுவரை கொண்டுவந்திருந்தது. எதிரே ஒரு தபால்காரர், போன வருட வெற்றியாளர்.

பாதி ஆட்டத்தில் அவள் பக்கம் நெருக்கடி. ராஜாவுக்கு முன்னால் சிப்பாய்கள் கலைந்து கிடந்தன. தபால்காரரின் ராணியும் யானையும் அந்தப் பக்கமே குறிவைத்திருந்தன. அடுத்து ராஜாவை ஓரமாக ஒதுக்கிவிடுவது என்று முடிவுசெய்தாள். அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்துபோனாள்.

வெளியே ஒரு திரையில், யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி ஆட்டத்தை எடைபோட்டு எண்ணாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஆடுபவர்கள் கண்ணில் படாதபடி திரையைத் திருப்பி வைத்திருந்தார்கள். அதன் எதிரே நின்ற அவள் கணவனைத்தான் யாரும் திருப்பி வைக்கவில்லை. முகமெல்லாம் பல்.

தண்ணீர் குடிக்காமலேயே திரும்பினாள். தபால்காரர் காயை நகர்த்தியிருந்தார்; இனி அவள் முறை. அப்படியானால் வெற்றி எங்கேயோ இருக்கிறது. எங்கே? தேடத் தேட, போகிற வழியெல்லாம் ராஜா தனியாக நின்றது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒதுங்கினால் கோழைத்தனம், பாய்ந்தால் திருட்டுத்தனம் என்று பட்டது. "டிரா வச்சுக்கலாமா?" என்றாள். வாய் மூடுவதற்குள் தபால்காரர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

நேராக நடுவரிடம் போனாள். "சார், என் வீட்டுக்காரர் சிரிச்சதைப் பாத்துட்டேன். நான் ஜெயிக்கிற நிலையில இருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முகத்துக்கெல்லாம் சட்டம் இல்லம்மா. டிரா டிராதான்."

வழியெல்லாம் கணவனுக்கு ஆதங்கம். "யானையைப் பலி கொடுத்திருந்தா போதுமாம். அப்புறம் உன் ராஜா நடுப்பலகைக்கே நடந்து வந்துடலாமாம். பக்கத்துல நின்னவங்க சொன்னாங்க."

"அத்தனை பேர் குறிவைக்கிறப்போ நடுவுல நடக்கணுமா?"

"கம்ப்யூட்டர் கடைசிவரைக்கும் பாத்துடுச்சாம். பயப்பட ஒண்ணுமில்லயாம்."

"அதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு அடி தப்பினா விழப்போறது நான்தானே? எவ்வளவு கஷ்டமான வழின்னு அந்த எண்ணுல எங்க இருக்கு?"

கணவன் அவள் பக்கம் திரும்பினான். "நான் சிரிக்காம இருந்திருந்தா?"

"ஒதுங்கியிருப்பேன். தோத்திருந்தாலும் என் ஆட்டமா இருந்திருக்கும்."

"அடுத்த தடவை முகமூடி போட்டுட்டு வரேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பலகையை விரித்து, ஆட்டம் நின்ற நிலையில் காய்களை அடுக்கினாள். ராஜாவை ஓரமாக ஒதுக்கி, இரண்டு பக்கமும் தானே ஆடினாள். முதலில் அவள் ஜெயித்தாள். அடுத்ததில் தபால்காரர் ஜெயித்தார். "சாப்பிட வா" என்று கணவன் உள்ளிருந்து கூப்பிட்டான். "இதோ" என்றவள், காய்களை மறுபடியும் அடுக்கத் தொடங்கினாள்.