சின்னுசாமி அண்ணன் தூண்டிலும் ஐஸ் பெட்டி வஞ்சிரமும்

சின்னுசாமி அண்ணன் போய்விட்டார். மாரடைப்பாம்... போன் வந்தபோது நான் லோடோடு மதுரை தாண்டியிருந்தேன்.

வண்டியை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி நாமக்கல் வந்து சேர்ந்தேன். எல்லாம் முடிந்து இப்போதுதான் ரூமுக்குத் திரும்பினேன். தூக்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உடம்பு அசந்து கிடக்கிறது.

முட்டை லாரி ஓட்டியவர். பல வருஷம் அவர் வண்டியில் நான்தான் மாற்று டிரைவர். ஒரே கேபின், ஒரே டிபன் பாக்ஸ்.

தூத்துக்குடிக்கு லோடு போனால் இறக்குவதற்கு எப்படியும் அரை நாள் காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள். அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு தூண்டிலோடு கடலோரப் பாறைக்குப் போய்விடுவார்.

அந்தத் தூண்டிலில் மீன் மாட்டும் முள்ளும் நைலான் நரம்பும்தான் கடைச்சரக்கு. மீதி எல்லாம் வீட்டில் கழித்துப் போட்டது.

நரம்பு சுற்ற காலி ஷாம்பு பாட்டில். மிதப்புக்குத் தேய்ந்த ஹவாய் செருப்பில் அறுத்த துண்டு. சிக்கு விழாமலிருக்க பேனா ரீஃபிலை நறுக்கிக் கோத்திருப்பார். முள்ளை மாட்டிக் கழற்ற, மனைவியின் சேஃப்டி பின்.

"ஊட்ல ஒரு பின்னு தங்க உடறதில்லீங்க தம்பி. ஒரு கண்ணாலத்துக்குச் சீலை கட்டோணும்னா பக்கத்தூட்ல போயி கேக்கறேன்" என்று அக்கா என்னிடம் புலம்புவார். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

எடைக்குப் பழைய லாரி நட்டு. பாறையில் சிக்கினால் நட்டு மட்டும் அறுந்து போகட்டும் என்று, அதைத் தீவன மூட்டை தைக்கும் நூலில் கட்டுவார். யோசனை நல்லதுதான்... ஆனால் கடலில் தூரமாக வீச வேண்டுமே. சுழற்றி வீசினால் நூல் அறுந்து நட்டு எங்கேயோ போய் விழும். முள் எங்கள் காலடியில் கிடக்கும்.

"நம்மூரு ஏரியில இந்த நூலு நல்லாத்தான் நின்னுச்சு சாமி" என்பார். அடுத்த நட்டைக் கட்ட ஆரம்பிப்பார். நூலை மாத்துங்கண்ணா என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு மீன்கூட மாட்டியதில்லை. திரும்பும்போது மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்வார். வீட்டில் போய்த் தானே பிடித்ததாகச் சொல்வார்.

"சொல்லிப்போடாத சாமி. அவ முன்னால நான் ஒண்ணுத்துக்கும் ஆகாதவனாயிருவேன்" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். அவர் இருந்தவரை நான் சொல்லவில்லை.

இன்று கூட்டம் கலைந்த பிறகு, அக்கா பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெசத்தச் சொல்லுங்க தம்பி. ஒருக்காவாச்சும் புடிச்சாருங்களா?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "இல்லீங்கக்கா" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார். "தூண்டில்ல மாட்டுற மீனு துண்டு துண்டாவாங்க வரும்?"

சிரிப்பதா அழுவதா... தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குக் கடல் மீன் கவிச்சியே ஆகாதுங்க தம்பி. அத்தன ஆசையாக் கொண்டாந்து குடுக்கறாரேன்னு மூக்கப் புடிச்சிக்கிட்டுத் தின்னேன்" என்றார்.

அக்காவுக்கு எப்பவோ தெரியுமாம்ண்ணா. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை.

நல்லபடியாகப் போய்ட்டு வாங்க.