காற்றா, காந்தமா, எண்ணெயா

மனைவி மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, பிசியோதெரபி செய்யும் பெண் ஒன்றைத்தான் சொன்னாள். அடுத்த முறை பார்க்கும்போது சைக்கிள் பெடல் முழுதாக ஒரு சுற்று வர வேண்டும். வராவிட்டால் மறுபடி மயக்கம் கொடுத்து முட்டியை மடக்க வேண்டியிருக்கும். மயக்கம் என்றதும் மனைவி என் கையைப் பிடித்தாள். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்: படிக்க உட்கார்ந்தேன். அவளுடைய பழைய லேடீஸ் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கி, ஓர் உருளைமேல் வைத்து, நின்ற இடத்திலேயே ஓட்டுவதற்கு ஸ்டாண்டு விற்கிறார்கள். உருளையைப் பிடித்து இழுப்பது எது என்பதில்தான் வகைகள். காந்தமென்றால் சத்தமில்லை, நாம் வைத்த அளவு இறுக்கம். எண்ணெயென்றால் வழுவழுவென்று போகும், ஓட்ட ஓட்டச் சூடாகும். காற்றாடியென்றால் மெதுவாக மிதிக்கும்வரை இறுக்கமே தெரியாது; வேகம் கூடினால் எதிர்த்து நிற்கும், ஊரையும் கூட்டும்.

போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருக்கும் மச்சினனிடம் கேட்டேன். அவர்களுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர்தான் குலதெய்வம்.

"காத்தை நம்புங்க மச்சான். பாறையவே ஒடைக்குது, அக்கா முட்டி எம்மாத்திரம்?"

"ஒடைக்கவாடா கேட்டேன்?"

ஆனாலும் காற்றாடியே வந்தது. மனைவி ஏறி உட்கார்ந்தாள். பெடல் மேலே வந்து, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. தினமும் அங்கேயே நின்றது.

"இறுக்கமே இல்லீன்னு சொன்னீங்களேங்க?"

"காந்தம் வாங்கியிருக்கலாமோ?" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்தை பேசாம இருங்க சாமி." அலுத்துப்போய்க் காலைத் தளர விட்டாள். பெடல் பின்பக்கமாக நழுவியது. ஃப்ரீவீல் டிக் டிக்கென்றது. கால் மறுபக்கமாக ஏறி, உச்சியைத் தாண்டி, இறங்கியது.

"ஏனுங்க, சுத்திருச்சுங்க!"

பின்னால் மிதித்தால் சக்கரம் சுற்றுவதில்லை. காற்று, காந்தம், எண்ணெய் எதுவுமே அங்கே கிடையாது. மூன்றையும் கரைத்துக் குடித்த எனக்கு அது தோன்றவில்லை. சைக்கிள் ஓட்டுகிற சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும்.

அதன்பின் காலையும் மாலையும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். பிசியோதெரபிப் பெண் வருவதற்கு முந்தின நாள், முன்பக்கமாக மிதித்தாள். பெடல் உச்சியில் ஒரு நொடி தயங்கியது. தாண்டியது. மறுபடி தாண்டியது. காற்றாடி முதலில் முனகியது, பிறகு ஊளையிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு மேலே தலை நீட்டினார். முகத்தில் கலவரம், அவர் கிணறு எங்கள் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

"என்னுங்க, சொல்லாமக் கொள்ளாம போர் போடறீங்களாட்ட இருக்குது?"

மனைவி மிதிப்பதை நிறுத்தவில்லை. மூச்சிரைக்கத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்கண்ணா. இங்க பாருங்க, தண்ணி வந்துருச்சு."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.