உள்ளே இருந்த கம்ப்யூட்டர்

பயிற்சி நிலையத்து மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பேர் ‘பழையபடி சார்’. யாராவது ஒரு கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றால் அவர் நாற்காலியை விட்டுக்கூட எழ மாட்டார். “ஒண்ணும் ஆகல. மூடிட்டுத் திற, பழையபடி ஆயிடும்” என்பார். ஆகிவிடும்.

அதற்குக் காரணம் அவர் செய்து வைத்திருந்த ஏற்பாடு. மேசை மேல் இருந்தது ஒரே கம்ப்யூட்டர்தான். அதற்குள் விர்ச்சுவல் மெஷின் என்ற முறையில் நாலைந்து கம்ப்யூட்டர்களைக் குடிவைத்திருந்தார். ஒன்றில் பழைய விண்டோஸ், ஒன்றில் புதியது, இன்னொன்றில் லினக்ஸ். ஒவ்வொன்றும் ஒரு ஜன்னலுக்குள் திறந்துகொள்ளும். தனக்கென்று டிஸ்க், மெமரி எல்லாம் தனியாக இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் அதன் டிஸ்க் என்பது வெளிக் கம்ப்யூட்டரில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். அந்த ஃபைலில் யாரும் கை வைக்க முடியாதபடி அவர் பூட்டியிருந்தார். மாணவர்கள் எழுதுவது, நிறுவுவது, கெடுப்பது எல்லாம் ஒரு தற்காலிக ஃபைலில் போய்ச் சேரும். உள்ளே இருப்பதை ஷட்டவுன் செய்ததும் தற்காலிக ஃபைல் அழிந்துவிடும். அடுத்து வருகிறவருக்குச் சுத்தமான கம்ப்யூட்டர்.

இதெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அச்சகம் ஒன்றில் ஆபரேட்டராகச் சேர்ந்து, அங்கே இருந்த மெஷின்களைக் கெடுத்துக் கெடுத்துச் சரிசெய்து தானாகவே கற்றுக்கொண்டார். நிதானமான ஆள். ஒரு வயரைச் சொருகினால்கூட ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகருவார்.

“உங்க வீட்டுலயும் இப்படித்தானா சார்?” என்று வரவேற்பில் இருந்த அம்மா ஒருநாள் கேட்டார். “தட்டு உடைஞ்சா மூடிட்டுத் திறப்பீங்களா?”

“எங்க வீட்டுல நான் தட்டை உடைச்சா எங்கக்கா என்னையே மூடிடுவாங்க.”

அந்த அக்கா வாய்க்குப் பேர்போனவர். தையல் ஆலையில் லைன் சூப்பர்வைசர். வரிசையாக ஓடும் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கேட்கிற குரல் அவருக்கு. கணவர் போய்ச் சேர்ந்தபிறகு மகளோடு தம்பி வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து வீட்டில் ரேடியோ தேவைப்படவில்லை என்று தம்பி சொல்வார்.

முதலில் அக்காவின் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவியது. அப்புறம் படியேறும்போது கால் மடங்கியது. நரம்பு நோய் என்றார்கள். குணப்படுத்த முடியாது, மெதுவாகப் போகும், அவ்வளவுதான் என்றார்கள். கை, கால், கழுத்து என்று போய்க் கடைசியில் நாக்கும் போனது. வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றில் மட்டும் அசைவு மிச்சம்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு மென்பொருளைக் கொடுத்தார். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வெளிச்சம் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசைக்கு அது வரும்போது விரலடியில் வைத்த பொத்தானை அமுக்க வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக நகரும். மறுபடி அமுக்க வேண்டும். வார்த்தை சேர்ந்ததும் ஒரு பெண் குரல் அதைப் பேசும். நல்ல மென்பொருள்தான். ஆனால் அதைச் செய்தவர்கள் கடையை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். வீட்டுக்கு வாங்கிய புது லேப்டாப் அதை உள்ளேயே விடவில்லை.

“இதுக்கா கவலை?” என்றார் தம்பி. பயிற்சி நிலையத்தில் இருந்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரை, அதாவது அந்தப் பெரிய ஃபைலை, நகலெடுத்துக்கொண்டு வந்தார். மென்பொருளை அதற்குள் நிறுவினார். எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடியது. எப்போதும் செய்வதுபோல ஃபைலைப் பூட்டினார். அங்கே எந்த மெஷினைத் தயார் செய்தாலும் கடைசி வேலை அதுதான். கை தானாகச் செய்தது. கதவைச் சாத்திவிட்டு வருகிறவன் சாத்தியதை நினைத்துக்கொண்டா வருகிறான்?

அந்தப் பூட்டு அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும், ஒருதடவை ஷட்டவுன் செய்திருந்தால். செய்யவில்லை. திரும்ப ஆரம்பிக்க நேரமாகும், அந்த நேரம் முழுக்க அக்கா ஊமையாகக் கிடக்க வேண்டும். அதனால் தூங்கப்போகும்போது அதை அப்படியே நிறுத்திவைப்பார். காலையில் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். பாதி எழுதிய வாக்கியம்கூடப் பாதியில் காத்திருக்கும்.

அக்கா அதற்குள் குடியேறிவிட்டார். எந்த எழுத்துக்குப் பிறகு எந்த வார்த்தையை அடிக்கடி தேர்ந்தெடுக்கிறார் என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். ‘எ’ போட்டால் முதலில் வருவது ‘எருமை’. தம்பியை அவர் கூப்பிடுவது அப்படித்தான். அந்தக் குரலுக்குப் பேச்சுத் தமிழ் வராது. “வாடா” என்பதையே பட்டமளிப்பு விழாவில் அழைக்கிற மாதிரி இழுக்கும். அக்கா எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, குரல் தன்னைப்போலத் திட்டுகிற வரைக்கும் விடமாட்டார். சரியாக வந்ததும் அந்த வாக்கியத்தை ஒரு கட்டத்தில் சேமித்துவிடுவார். அடுத்த தடவை இரண்டு அமுக்கில் வந்துவிடும்.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவள் காலையில் கிளம்பும்போது கட்டிலிலிருந்து குரல் வரும்: “சாப்பாட்டு டப்பா மேசையிலேயே இருக்கு. அதுக்கு காலு முளைக்குமா?”

“எடுத்துட்டேம்மா!”

“மூடி?”

இப்படிப் பேசிப் பேசிப் பக்கம் பக்கமாகக் கட்டங்கள் நிறைந்தன. விரல் மெலிந்துகொண்டே வந்தது. அது அக்காவுக்கும் தெரியும். எழுதும் தெம்பு போனாலும் அமுக்கும் தெம்பு கொஞ்ச நாள் நிற்கும் என்று கணக்குப் போட்டு, முன்கூட்டியே எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தம்பி லேப்டாப்பைத் துடைக்கும்போது புதிதாக ஒரு பக்கத்தைப் பார்த்தார். தலைப்பு ‘அப்புறம்’. பக்கம் நிறையக் கட்டங்கள்.

“என்னக்கா இது?”

“எருமை, அது உனக்கில்ல. என் பொண்ணுக்கு. மூடு.”

அவர் படிக்காமல் மூடினார்.

லேப்டாப் சூடாக ஆரம்பித்தது. மின்விசிறி கத்தியது. ஆஸ்பத்திரிப் பெண் வந்து பார்த்துவிட்டு, “ஒரு காப்பி எடுத்து வச்சுக்கங்க சார். அவங்க பேச்சு முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு” என்றார். தம்பிக்கும் அதே பயம்தான். நிறுத்திவைத்த நிலையில் நகலெடுத்தால் வேறு கம்ப்யூட்டரில் அது எழுந்திருக்காமல் போகலாம். முறையாக ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். விடுமுறை நாள் காலையில் புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்கணும். முடியுமா?”

வெளிச்சம் இறங்கியது. விரல் அமுக்கியது. “சீக்கிரம் முடி எருமை. அதுவரைக்கும் உன்னை யார் திட்டறது?”

மகள் சமையலறையிலிருந்து சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே ஷட்டவுன் செய்தார். ஃபைல் முழுவதும் நகலாகும்வரை காத்திருந்தார். அளவு சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு திறந்தார்.

மென்பொருள் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. வணக்கம் சொல்லி, பயன்படுத்துபவரின் பெயரைக் கேட்டது.

வேறு எதையோ திறந்துவிட்டோம் என்று நினைத்தார். மூடிவிட்டுத் திறந்தார். மறுபடி வணக்கம் சொன்னது. ‘எ’ போட்டார். ‘எனக்கு’ என்று வந்தது. இன்னொரு தடவை மூடினார், திறந்தார். அப்புறம்தான் வெளியே வந்து அந்த மெஷினின் அமைப்புகளைப் பார்த்தார். டிஸ்க் பூட்டியிருந்தது.

வெகுநேரம் அவர் திரும்பவே இல்லை. அக்காவின் கண் தன் முதுகில் இருப்பது தெரிந்தது.

“என்ன மாமா?” என்று மகள் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “அம்மா எவ்வளவு நேரம் காத்துட்டு இருப்பாங்க?”

“போயிடுச்சும்மா.”

“எது?”

“எல்லாம்.”

டிஸ்கிலிருந்து அழிந்ததை மீட்டுத்தரும் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கடைக்காரர் பொறுமையாகப் பார்த்தார். “அழிஞ்சப்புறம் மறுபடி ஆன் பண்ணீங்களா?” என்றார்.

“பண்ணேன்.”

“எத்தனை தடவை?”

அவர் மூன்று விரலைக் காட்டினார். “அது மேலயே புதுசு எழுதிடுச்சு சார். ஃபைல் பேர் தெரியுது, உள்ள ஒண்ணும் இல்ல” என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். பூட்டைப் பற்றிச் சொன்னார். மழுப்பாமல், தான் செய்த வரிசையிலேயே சொன்னார். “கெட்டுப் போகக் கூடாதுன்னுதான்கா பூட்டுவேன். உன்னோடதையும் பூட்டிட்டேன். நான் பார்த்திருக்கணும்.”

திரையில் மென்பொருளோடு கூடவே வரும் வாக்கியங்கள் இருந்தன. யாருக்கோ, எல்லாருக்குமாக, யாரோ எழுதியவை. வெளிச்சம் இறங்கி முடித்து மறுபடி மேலே போனது. பலமுறை சுற்றியது. அக்கா அமுக்கவில்லை. பிறகு அமுக்கினார்.

“பரவாயில்லை” என்றது குரல். சுத்தமான உச்சரிப்பு.

அடுத்த நாளிலிருந்து தம்பியும் மகளும் நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தார்கள். பயிற்சி நிலையம் விட்டு வந்ததும் அவர் தட்டச்சு செய்வார், அவள் சொல்வாள். அவருக்கு நினைவு வந்ததெல்லாம் திட்டு. அவளுக்கு வந்ததெல்லாம் “மழை வருது, குடை எடு”, “முகம் ஏன் வாடியிருக்கு” என்கிற மாதிரி.

“அம்மா இவ்வளவா உங்களைத் திட்டினாங்க?”

“உன்கிட்ட இவ்வளவு நல்லாவா பேசினா?”

ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்கள். அக்காவின் கண்ணில் சிரிப்பு வந்துபோனது. முடிந்ததும் அவர் எழுத்துக் கூட்டினார். முன்போல வார்த்தை தானாக முன்னால் வந்து நிற்கவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் நடுங்கியது. “பாதி” என்று வந்தது.

“மீதி என்னம்மா?” என்று மகள் கேட்டாள்.

அக்கா தம்பியைப் பார்த்தார். அவர் தாங்கமாட்டாமல் ‘அப்புறம்’ பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

“எனக்கா? என்ன எழுதியிருந்தாங்க?”

“தெரியாதும்மா. படிக்காதேன்னா. படிக்கல.”

“ஒரு தடவை திருட்டுத்தனமா பார்த்திருக்கக் கூடாதா மாமா? எல்லா மாமாவும் அதைத்தானே பண்ணுவாங்க!” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

அதன்பிறகு அக்கா தம்பியோடு எழுதிப் பேசவில்லை. கோபம் இல்லை. மிச்சமிருந்த விரலை மகளுக்கென்று ஒதுக்கிவிட்டார். நல்லபடி இருக்கும் காலை வேளைகளில் ஒன்றிரண்டு எழுத்து, அப்புறம் தூக்கம். தம்பி டிஸ்க் பூட்டைக் கழற்றியிருந்தார். ஒவ்வொரு தடவையும் அக்கா தூங்கியதும் ஷட்டவுன் செய்து ஒரு நகல் எடுத்தார். காபி வேண்டுமா, திருப்பிப் படுக்க வைக்கவா என்று அவர் கேட்பதற்கெல்லாம் மென்பொருளின் சொந்த வாக்கியங்களே பதிலாக வந்தன. “ஆம்.” “வேண்டாம்.” “நன்றி.” அக்கா வாயிலிருந்து நன்றி என்ற வார்த்தையை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. முதல் தடவை கேட்டபோது வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார்.

‘அப்புறம்’ பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் நிறைந்தது. “ரெண்டு தலைகாணி வச்சுத் தூங்காதே, கழுத்து வலிக்கும்.” மகள் அதைக் கேட்டுவிட்டு, “சரிம்மா” என்றாள். இரண்டாவது கட்டத்தில் ‘உன்’ வரைக்கும் வந்தது. அதற்குமேல் எழுதும் தெம்பு விரலில் இல்லை. கடைசி நாட்களில் ஒன்றிரண்டு தடவை அமுக்க மட்டும் முடிந்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக்கொண்டிருக்கும்போது குரல் அதையே சொன்னது. “பரவாயில்லை.” கொஞ்சம் கழித்து, “பரவாயில்லை.”

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போனபிறகு, அவர் கட்டிலிலிருந்து பொத்தானையும் வயரையும் கழற்றினார். மகள் தரையில் உட்கார்ந்து மருந்து டப்பாக்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஏன் மாமா இன்னும் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? அம்மாதான் பரவாயில்லன்னு சொன்னாங்களே. அதுலயே ‘எனக்குக் கோபமாக இருக்கிறது’ன்னும் ஒண்ணு இருந்துச்சு. வேணும்னா அதை அமுக்கியிருக்க மாட்டாங்களா? எங்கம்மாவாவது சும்மா விடறதாவது!”

அவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அந்தத் திரை அவருக்கு மனப்பாடம். ‘பரவாயில்லை’ முதல் வரிசையில் முதல் கட்டம். ‘எனக்குக் கோபமாக இருக்கிறது’ கடைசி வரிசையில் கடைசிக் கட்டம். வெளிச்சம் அங்கே போய்ச் சேரும்வரை விரலைப் பொத்தான் மேலேயே தூக்கிப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். கடைசி மாதங்களில் அந்த விரலால் அது முடிந்திருக்குமா, முடியாதா என்று அவருக்குத் தெரியாது. எல்லாம் அழிந்த அன்றைக்கு முடிந்திருக்கும் என்பது தெரியும். அன்றைக்கு ஏன் அத்தனை சுற்று விட்டுவிட்டு அக்கா ‘பரவாயில்லை’யை அமுக்கினார் என்பது மட்டும் தெரியாது.

“ஆமாம்மா” என்றார். “சொன்னா.”

அவள் அடுத்த டப்பாவை எடுத்து, தேதி பார்த்து, குப்பைப் பக்கம் வைத்தாள்.