ஆய்வகத்துக்குப் பின்னால் கீரைப் பாத்தி

முட்டுக்காட்டு மீனவக் குப்பத்துத் தேசப்பன், ஒரு வலைத் தகராறில் ஒருவனின் மண்டையை உடைத்துவிட்டுச் சிறைக்குப் போனான். உள்ளேயே பிளஸ் டூ தேறினான். வெளியே வந்தபோது வீட்டில் சேர்க்கவில்லை, படகிலும் ஏற்றவில்லை. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தான். அவனைப் போலவே சிறையிலிருந்து வந்து படிக்கும் ஜெயக்குமாரோடு ஊரப்பாக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டான். வாடகையும் ரயில் பாஸும் போக மதியச் சாப்பாட்டுக்கு வழியில்லை. மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் இருவரும் குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள்.

பேராசிரியை பானுமதி அதைப் பார்த்துவிட்டார். முதல்வரிடம் பேசி, ஆய்வகத்துக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த இடத்தை வாங்கிக் கொடுத்தார்.

"அரிசி பருப்பு நான் பாத்துக்கறேன். காய், கீரை நீங்க போடுங்க."

துடுப்புக்குப் பழகிய கை மண்வெட்டிக்குக் கொப்பளித்தது. ஆனாலும் தண்டுக்கீரை ஒரு சாண் வளர்ந்தது. அப்போதுதான், ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் பாத்தி மொட்டையாகக் கிடந்தது. பின்தெரு செங்கம்மாளின் ஆடுகள் புகுந்து மேய்ந்திருந்தன.

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பா," என்றார் வாட்ச்மேன்.

போலீஸ் ஸ்டேஷன் படியை மறுபடி மிதிக்கத் தேசப்பனுக்கு மனமில்லை. ஆனால் கோபம் பொங்கியது. கோபத்தோடு போனால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. முகத்தைக் கழுவிக்கொண்டு, கொஞ்ச நேரம் நிழலில் நின்றுவிட்டுத்தான் செங்கம்மாள் வீட்டுக்கு நடந்தான்.

"அக்கா, உன் ஆடு எங்க கீரைய மேஞ்சிடுச்சி. மத்தியானம் துன்றதுக்குப் போட்டது."

"காலேஜி புள்ளைக்கு இன்னாத்துக்குக் கீரை? வூட்ல சோறு போட மாட்டாங்களா?"

"நான் ஜெயில்லேர்ந்து வந்தவன்க்கா. வூட்ல சேத்துக்கல."

அதை அவனாக வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. செங்கம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆட்டக் கட்டாம வுட்டது என் தப்பு. பட்டியில எரு கீது, அள்ளிகினு போ. முள்ளும் வெட்டித் தரேன், வேலி கட்டு."

அந்த எருவுக்குக் கீரை புதராக எழுந்தது. வெண்டையும் காய்த்துத் தள்ளியது. கேன்டீன் அடுப்பில் பெரிய குண்டானில் சாம்பார் கொதித்தது. சிறையிலிருந்து வந்து படிக்கும் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். பிறகு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்திலிருந்து காலையில் வெறும் வயிற்றோடு ரயிலேறி வரும் பிள்ளைகளும் தட்டோடு வந்து நின்றார்கள். யார் எவர் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

தேசப்பன் இப்போது கடைசி ஆண்டு. போன வாரம் செங்கம்மாளும் வந்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"உப்பு கம்மியா கீதுப்பா," என்றாள்.

"போட்டுக்கக்கா," என்று உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, தேசப்பன் தன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.