சோர்ந்த கோழியும் என் வீட்டுக்காரரும்

மூளையிலிருந்து எடுத்த கட்டி மறுபடி வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "செரி, அடுத்து என்னங்க பண்றது?" என்பதுதான். அறுவை, கதிர்வீச்சு, மாத்திரை என்று ஒரு சுற்று பார்த்தாகிவிட்டது. இன்னும் என்ன மிச்சம் இருக்கிறதென்று இந்த மனுஷன் இவ்வளவு தைரியமாகக் கேட்கிறார் என்று கோபம்கூட வந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பிலிருக்கிற எதிர்ப்பு சக்தியை இந்தக் கட்டி அடக்கி வைத்திருக்கிறது. ட்ரிப்ஸில் ஏற்றுகிற மருந்து அதை அவிழ்த்துவிடும். கூடவே கட்டியின்மேல் கொஞ்ச நாள் கதிர்வீச்சு கொடுத்தால் கட்டி சிதைந்து, எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படும். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. வயிற்றால் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, தலைவலி கூடினாலோ உடனே போன் பண்ண வேண்டும்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. அவருக்கு முழுசும் புரிந்துவிட்டது, அதுதான் வினை. நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர் அவர். "நம்ம கோழிக்குப் போடற தடுப்பூசியாட்டந்தான் புள்ள," என்றார் காரில். தடுப்பூசி போட்ட கோழி ஓரிரு நாள் தீனி எடுக்காமல் சோர்ந்து உட்காரும். அதைப் பார்த்து அவர் பயப்பட மாட்டார், ஊசி வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவார். சோராத கோழியைப் பார்த்தால்தான் அவருக்குச் சந்தேகம்.

கதிர்வீச்சுக்கு முகத்தில் வலை மாதிரி ஒரு முகமூடியை வைத்து மேசையோடு இறுக்குவார்கள். நான் கதவுக்கு வெளியே கைப்பையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பேன். வெளியே வரும்போது நெற்றியெல்லாம் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

இரண்டாவது ட்ரிப்ஸ் ஏற்றி வந்த பிறகு கழிப்பறையே கதி என்று ஆனார். எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். காலையில் நிரப்பிய மேல்தொட்டி மதியத்துக்குள் காலியானபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. கேட்டேன். "ஊசி வேலை செய்யுது," என்றார். முகம் வற்றிக் கிடக்கிறது, ஆனால் சிரிக்கிறார்.

"டாக்டருக்குப் போன் பண்றேனுங்க."

"பண்ணாத. சொன்னா மருந்த நிறுத்திப்போடுவாங்க. இதை உட்டா எனக்கு வேற வழியில்ல, தெரியுமில்ல?"

தெரியும். அதனால்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு மரமாக நின்றேன். கூப்பிட்டால் மருந்து நிற்கும், கட்டி வளரும். கூப்பிடாவிட்டால் என் கண் முன்னாலேயே மனுஷன் வற்றிப்போவார். இப்படி ஒரு பயம் எதிரிக்கும் வரக்கூடாது. உப்புப் போட்டுக் கஞ்சி கொடுத்தேன், மோர் கொடுத்தேன். ஒரு வாய் குடிப்பார், எழுந்து ஓடுவார்.

மறுநாள் காலையில் கோழிக் கொட்டகைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. கையைத் தொட்டால் சில்லிட்டிருந்தது. அப்போதும் "ஒன்னுமில்ல புள்ள, நல்லதுக்குத்தான்," என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"ஊசி போட்டுச் சோருற கோழில ஒன்னு ரெண்டு செத்தும் போவுதில்ல, அதுகள என்ன பண்ணுவீங்க? குழியில போட்டுட்டு மிச்சத்துக்குத் தீனி வெப்பீங்க. உங்களுக்குக் கொட்டாய் நெறையக் கோழி இருக்குதுங்க. எனக்கு நீங்க ஒருத்தர்தான்."

அவர் முன்னாலேயே டாக்டருக்குப் போன் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் விடவில்லை. "கோழிக்கு ஊசி போட்டாப்பல, ரியாக்‌ஷன் வந்தா நல்லதுதானுங்களே?" என்று டாக்டரிடமே கேட்டார்.

"கோழி ஊசி வேறங்க ஐயா. இதுல அவிழ்த்துவிட்ட சக்தி உங்க குடலையே தாக்குது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா குடல்ல ஓட்டை விழுந்திருக்கும்."

அந்த சக்தியை அடக்க ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கட்டிக்கான ட்ரிப்ஸ் இனிமேல் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். மிச்சக் கதிர்வீச்சை முடித்துவிட்டு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமாம்.

வயிற்றுப்போக்கு நின்று, அவர் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்த அன்றைக்கு என்னிடம் கேட்டார்.

"நீ போன் பண்ணாம இருந்திருந்தா?"

"செத்திருப்பீங்க."

"செரி. அந்த மருந்தும் நின்னுபோச்சு. இப்ப?"

இத்தனை மாதத்தில் அவர் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.